அப்பாவின் சம்பளம், கம்பெனியின் கமிஷன்

அமெரிக்காவில், குடும்பத்தைப் பிரிந்து வாழும் அப்பா ஒருவர் புது வேலையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 நாட்களுக்குள் அவருடைய பெயரையும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் முதலாளி மாநில அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஜீவனாம்ச வழக்குகளின் பட்டியலோடு அந்த எண்ணைக் கணினி ஒத்துப்பார்க்கும். பொருந்திவிட்டால், சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லி நிறுவனத்துக்கு உத்தரவு போகும். சம்பள நாளிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் பிடித்த பணத்தை மாநிலப் பட்டுவாடா மையத்துக்கு அனுப்பிவிட வேண்டும். மையம் அதை இரண்டு வேலை நாட்களுக்குள் அம்மாவின் வங்கிக் கணக்கிலோ டெபிட் கார்டிலோ போட்டுவிட வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி டாலர் பிள்ளைகளுக்கான ஜீவனாம்சமாக வசூலாகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தச் சம்பளப் பிடித்தத்தில் வருவதுதான். இதற்காக யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை.

இதையெல்லாம் செய்வது அரசு அலுவலகம் என்றுதான் அந்த அம்மா நினைத்திருப்பார். பல ஊர்களில் அது தனியார் கம்பெனி. கான்சாஸ் மாநிலம் 2013-ல் இந்த வேலையை மொத்தமாகவே தனியாரிடம் ஒப்படைத்தது. மிசிசிப்பியில் யங்வில்லியம்ஸ், டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் பகுதியில் மாக்சிமஸ் என்று கம்பெனிகள் பொறுப்பேற்றன. காணாமல்போன அப்பாவைத் தேடுவது, மரபணுச் சோதனைக்கு ஏற்பாடு செய்வது, நீதிமன்றத்துக்குக் கோப்பு தயாரிப்பது, அம்மாவின் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்வது எல்லாம் கம்பெனி ஆட்களின் வேலை. உத்தரவு போடுவது மட்டும் நீதிமன்றம்.

1975 ஜனவரியில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது இந்த ஏற்பாடு. நடத்துவது மாநிலங்கள்; செலவில் 66 சதவீதத்தை இன்று மத்திய அரசு ஏற்கிறது. வழக்குகள் குவிந்தபோது, அந்த அளவுக்கு ஆள் எடுக்காமல் மாநிலங்கள் கான்ட்ராக்ட் விட்டன. போர் விமானம் செய்யும் லாக்ஹீட் மார்ட்டின் கூட 1990-களில் ஒரு துணை நிறுவனத்தை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலில் இருந்தது. கலிபோர்னியாவுக்காக அது உருவாக்கிய கணினித் திட்டம் செலவு எகிறி, சரியாக வேலையும் செய்யாமல், 1997-ல் ரத்தானது. 2001-ல் அந்தத் துணை நிறுவனம் ஏ.சி.எஸ். கைக்குப் போனது, 2010-ல் ஜெராக்ஸ், 2017-ல் கான்டுவென்ட். ஒரு பிள்ளை பிறந்து பதினெட்டு வயதைத் தொடுவதற்குள் மூன்று முறை பெயர்ப்பலகை மாறிவிட்டது.

அரசே நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வர்ஜீனியா, டென்னசி, அரிசோனா மாநிலங்களில் தனியார் அலுவலகங்களையும் அரசு அலுவலகங்களையும் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1996-ல் ஒப்பிட்டுப் பார்த்தது. தனியார் அலுவலகங்கள் அரசு அலுவலகங்களுக்குச் சமமாக, சிலவற்றில் அவற்றைவிட நன்றாகவே வேலை செய்திருந்தன.

எனக்கு உறுத்துவது கூலி பேசிய விதம். வசூலில் இத்தனை சதவீதம் கம்பெனிக்கு என்பதுதான் அந்தக் காலத்து ஒப்பந்தங்களில் பெருவழக்கு. தானாக வந்து விழும் சம்பளப் பிடித்தத்துக்கும் கமிஷன் உண்டு. வேலையில்லாத ஓர் அப்பாவைத் தேடிப் பிடித்து, அவர் நிலைமையைக் கேட்டு, நீதிமன்றத்தில் தொகையைக் குறைத்து வாங்கிக் கொடுத்தால் கம்பெனிக்கு என்ன கிடைக்கும்? குறைந்த தொகைக்குக் குறைந்த கமிஷன். அந்தக் கோப்பு அடியில்தான் கிடக்கும்.

அடியில் கிடக்கும் கோப்புகள் கொஞ்சநஞ்சமல்ல. நாடு முழுவதும் நிலுவை பத்தாயிரம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஒன்பது பெரிய மாநிலங்களின் நிலுவையை 2007-ல் ஆராய்ந்தபோது, அதில் 70 சதவீதம், ஆண்டு வருமானம் 10,000 டாலருக்குள் இருந்தவர்கள் அல்லது வருமானமே பதிவாகாதவர்கள் தலையில் இருந்தது தெரிந்தது. லாரி ஓட்டிப் பிழைக்கும் ஒருவரின் லைசென்ஸை நிலுவைக்காக முடக்கினால் அவர் எதை வைத்துக் கட்டுவார்? இன்னொரு கொடுமையும் உண்டு. அரசின் உதவித்தொகை வாங்கும் அம்மா, ஜீவனாம்ச உரிமையை அரசுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அப்பா கட்டும் பணத்தில் பெரும்பகுதியை, பல இடங்களில் முழுவதையும், மாநிலமே வைத்துக்கொள்ளும். பிள்ளைக்குப் போகாவிட்டாலும் வசூல் கணக்கில் அது வசூல்தான்.

கட்டாதவருக்குச் சிறையும் உண்டு. தென் கரோலினாவில் அப்படி 12 மாதச் சிறைத்தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தண்டனை உத்தரவின் அச்சிட்ட படிவத்தில், அவரால் பணம் கட்ட முடியுமா என்று குறிப்பதற்கான இடத்தை நீதிபதி நிரப்பாமலே விட்டிருந்தார். அதை விசாரிக்காமல் சிறைக்கு அனுப்பியது தவறு என்றது உச்ச நீதிமன்றம். ஆனால், இப்படிப்பட்ட வழக்குகள் எல்லாவற்றிலும் அரசு செலவில் வக்கீல் வைத்துத்தர வேண்டும் என்று சொல்லவில்லை. வருமானத்தைப் பார்த்துத்தான் தொகை நிர்ணயிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-ல் விதியை இறுக்கியது.

அம்மாக்களுக்கும் கதவு திறக்கவில்லை. அரிசோனாவில் ஐந்து அம்மாக்கள், சட்டப்படி செய்ய வேண்டிய வேலையை மாநிலம் செய்யவில்லை என்று வழக்குப் போட்டார்கள். இந்தத் திட்டம் மொத்தமாகச் சட்டப்படி நடக்க வேண்டும் என்று கேட்கத் தனிமனிதருக்கு உரிமையில்லை என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, கம்பெனியைக் கட்டிப்போட ஒப்பந்தத்தின் ஷரத்துகளை விட்டால் பெரிதாக என்ன இருக்கிறது? அதில் எதற்கு விலை போடுகிறோமோ அந்த வேலைதான் நடக்கும்.

டெக்சாஸில் 2005 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. கட்ட முடியாமல் நிற்கும் அப்பாவை நீதிபதி வேலைவாய்ப்பு மையத்துக்கு அனுப்புகிறார். போகாவிட்டால் சிறை உண்டு. போனால் வேலை தேடித் தருகிறார்கள். அப்படிப் போனவர்கள் மற்றவர்களைவிட ஒழுங்காகப் பணம் கட்டியதை டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. மாநிலங்கள் அடுத்த டெண்டரில் இந்த வேலைக்குக் கூலி எழுதட்டும்: திருத்தி வாங்கிய ஒவ்வொரு உத்தரவுக்கும், வேலையில் சேர்த்துவிட்ட ஒவ்வொரு அப்பாவுக்கும், தொடர்ந்து பணம் வந்த ஒவ்வொரு மாதத்துக்கும். கணினியே பிடித்து அனுப்பும் சம்பளப் பணத்துக்குக் கமிஷன் வேண்டாம்.