பெரிய கிளப் கூப்பிட்டால் போகலாமா?

சென்னையின் எஃப்.சி. ரசிகர்களுக்கு ஓவன் காய்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2019 டிசம்பரில், ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் பட்டியலின் அடிப்பகுதியில் தத்தளித்துக்கொண்டிருந்த அணியை ஏற்று, அடுத்த மார்ச்சில் இறுதிப் போட்டிக்கே கூட்டிக்கொண்டுபோன ஸ்காட்லாந்துப் பயிற்சியாளர். பிறகு ஜாம்ஷெட்பூருக்கு லீக் ஷீல்டை வென்று கொடுத்தார். 2023-ல் மீண்டும் சென்னைக்கு வந்தார். ஆனால் இங்கிலாந்தின் பர்ன்லியில் அவர் பெயரை எடுத்தால் வேறொரு கதை சொல்வார்கள்.

பர்ன்லி பழைய பஞ்சாலை நகரம். அங்குள்ள கிளப் 1960-ல் இங்கிலாந்தின் சாம்பியன். 1976-ல் முதல் டிவிஷனிலிருந்து கீழே விழுந்தது, 33 ஆண்டுகள் எழவே இல்லை. 2009 மே மாதம் வெம்ப்ளியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை ஒரு கோலில் வீழ்த்தி அந்தக் கிளப்பை மேலே கொண்டுவந்தவர் காய்ல். ஆகஸ்டில், சொந்த மைதானத்தில் நடந்த முதல் பிரீமியர் லீக் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் மான்செஸ்டர் யுனைடெட்டை பர்ன்லி தோற்கடித்தது. ஊரே கொண்டாடியது. 2010 ஜனவரியில், சீசன் பாதியில் இருக்கும்போதே, பக்கத்து ஊரான போல்ட்டனுக்குக் காய்ல் போய்விட்டார். அவர் வீரராக விளையாடிய கிளப் அது. அதிகப் பணமும் பிரீமியர் லீக்கில் நீண்ட அனுபவமும் உள்ள கிளப். அன்றைய பட்டியலில் மட்டும் பர்ன்லிக்குக் கீழே இருந்தது.

அந்த சீசன் முடிவில் போல்ட்டன் தப்பியது, பர்ன்லி கீழே போனது. பர்ன்லி ரசிகர்கள் அவரை யூதாஸ் என்றார்கள். 2012-ல் போல்ட்டனும் கீழே போனது. அந்த அக்டோபரில் காய்லுக்கு வேலை போனது.

சின்னக் கிளப்பில் பெயர் எடுத்த பயிற்சியாளர் பெரிய கிளப்பின் அழைப்பை ஏற்கலாமா என்ற பேச்சு ஒவ்வொரு சீசனிலும் எழுகிறது. ரசிகர்கள் அதை விசுவாசத்தின் கணக்காகப் பார்க்கிறார்கள். பயிற்சியாளருக்கோ அது பிழைப்பின் கணக்கு. ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றால் எந்தக் கிளப்பும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும். ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்று யாரும் யோசிப்பதில்லை. அப்படியிருக்க, நல்ல காலத்தில் வரும் அழைப்பை மட்டும் அவர் விசுவாசத்துக்காக மறுக்க வேண்டும் என்பது நியாயமில்லை. போவது தவறே இல்லை. எந்த நேரத்தில், எப்படிப்பட்ட இடத்துக்கு, யாரை அழைத்துக்கொண்டு போகிறார் என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள்.

டேவிட் மோய்ஸைப் பாருங்கள். எவர்ட்டனில் 11 ஆண்டுகள். கையில் பெரிய பணம் கிடையாது. மில்வால் அணியிலிருந்து டிம் கேஹிலைச் சொற்பத் தொகைக்கு வாங்கி ஆண்டுக்கணக்கில் கோல் அடிக்க வைத்தவர். கட்டுக்கோப்பான தடுப்பாட்டம், கடுமையான பயிற்சி, வீரர்களை ஒவ்வொருவராகச் செதுக்குவது, இவைதான் அவருடைய பலம். 2013-ல் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றபோது தன் நாற்காலிக்கு அவரே மோய்ஸைச் சிபாரிசு செய்தார். மான்செஸ்டர் யுனைடெட் ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று மைதானத்தில் பேனரே தொங்கியது.

மோய்ஸ் செய்த முதல் காரியம், ஃபெர்குசனின் உதவியாளர்களான மைக் ஃபெலனையும் ரெனே மெயூலென்ஸ்டீனையும் விட்டுவிட்டு, எவர்ட்டனிலிருந்து தன் ஆட்களைக் கொண்டுவந்தது. புது இடத்தில் நம்பிக்கையானவர்கள் பக்கத்தில் வேண்டும் என்று எந்தப் பயிற்சியாளரும் நினைப்பார். ஆனால் அந்த அணி அப்போதுதான் லீக்கை வென்ற அணி. ரயன் கிக்ஸ், ரியோ ஃபெர்டினாண்ட், நெமான்யா விடிச் எல்லோரும் கோப்பைகளை அள்ளியவர்கள். எவர்ட்டனில் மோய்ஸின் வார்த்தைக்கு இருந்த எடை இவர்களிடம் தானாக வந்துவிடாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் அதைச் சம்பாதிக்க வேண்டும். அதற்கு வெற்றி வேண்டும். வெற்றி வரவில்லை.

2014 ஏப்ரல் 20 அன்று லீக் அட்டவணை அவரை எவர்ட்டனின் குடிசன் பார்க் மைதானத்துக்கே அழைத்துவந்தது. பதினோரு ஆண்டுகள் அவருடையதாக இருந்த மைதானம். யுனைடெட் 2-0 என்று தோற்றது. ஆட்டத்தின் நடுவே, கையில் அரிவாளோடு எமன் வேடம் போட்ட ஒருவர் மோய்ஸின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். மைதானத்துக் காவலர்கள் அவரை அப்புறப்படுத்தினார்கள். இரண்டே நாளில் மோய்ஸின் பதவி பறிபோனது. ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் பத்து மாதம்தான் ஓடியிருந்தது. அந்த சீசனை யுனைடெட் ஏழாம் இடத்தில் முடித்தது.

மோய்ஸ் திறமையற்றவர் என்று அன்று எழுதியவர்கள் பலர். 2023-ல் அவர் வெஸ்ட் ஹாமுக்கு யூரோப்பா கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையை வென்று கொடுத்தார். அவரிடம் திறமை இருந்தது. யுனைடெட் கேட்ட வேலை வேறு.

இந்த வேறுபாட்டைத்தான் ரசிகர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சின்னக் கிளப்பில் பந்து எதிரணியின் காலில்தான் அதிக நேரம் இருக்கும். காத்திருந்து, இடைவெளி பார்த்துப் பாய்ந்தால் போதும். பெரிய கிளப்பிலோ எதிரணி பத்துப் பேரையும் பெட்டிக்குள் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். அந்தச் சுவரை உடைக்க வழி கண்டுபிடிக்க வேண்டும். சின்னக் கிளப்பில் ஆட்டம் டிரா ஆனால் கைதட்டல். பெரிய கிளப்பில் அதே டிரா மறுநாள் தலைப்புச் செய்தி. வாரத்துக்கு ஒரு ஆட்டம் என்றால் ஐந்து நாள் பயிற்சி கொடுக்கலாம். வாரத்துக்கு இரண்டு என்றால், ஓய்வும் பயணமும் போகப் பயிற்சிக்கு நேரமே மிஞ்சாது. பயிற்சி மைதானத்தில் அணியை வளர்த்தே பெயர் எடுத்தவருக்கு இந்த ஒரு மாற்றமே போதும், கையைக் கட்டிப்போட.

கிரஹாம் பாட்டருக்கு நேர்ந்தது இன்னும் வேதனையானது. ஸ்வீடனில் ஓஸ்டர்சுண்ட் என்ற கிளப்பை நான்காம் டிவிஷனிலிருந்து முதல் டிவிஷனுக்கு உயர்த்தி, 2017-ல் ஸ்வீடிஷ் கோப்பையையும் வென்று, அர்செனலை அதன் சொந்த மைதானத்திலேயே தோற்கடித்தவர் அவர். பிறகு பிரைட்டனை 2022-ல் ஒன்பதாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். அதுவரை அந்தக் கிளப் தொட்டதிலேயே உயர்ந்த இடம் அது. அந்த செப்டம்பரில் செல்சி, தாமஸ் டூகலை நீக்கிய மறுநாளே பாட்டரை அமர்த்தியது. பிரைட்டனுக்கு இழப்பீடாக 2 கோடிப் பவுண்டுக்கு மேல் போனது. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு.

செல்சி அப்போதுதான் கைமாறியிருந்தது. புது முதலாளிகள் கடையில் கண்டதையெல்லாம் அள்ளுவதுபோல வீரர்களை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஜனவரியில் என்ஸோ ஃபெர்னாண்டஸ் ஒருவருக்கு மட்டும் 10 கோடிப் பவுண்டுக்கு மேல். அணியில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள். பதினோரு பேரை நிறுத்தினால் மீதிப் பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். ஆண்டுக்கணக்கில் பொறுமையாக ஒரு ஆட்டமுறையைக் கட்டி எழுப்புகிற மனிதருக்கு இதைவிடப் பொருந்தாத இடம் கிடைத்திருக்காது. 2023 ஏப்ரல் 2 அன்று பாட்டரும் நீக்கப்பட்டார். ஏழு மாதம்கூட ஆகவில்லை.

அவர் விட்டுவந்த பிரைட்டன் என்ன ஆனது? பத்து நாளில் ராபெர்தோ டி ஸெர்பியைக் கொண்டுவந்தது. அந்த சீசனை ஆறாம் இடத்தில் முடித்து, வரலாற்றில் முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. செல்சி பன்னிரண்டாம் இடம். எந்தக் கிளப் பெரியது என்பதைப் பணத்தையும் கோப்பைகளையும் வைத்து மட்டும் எடைபோட முடியாது என்பதற்கு அந்த ஆண்டின் பட்டியலே சாட்சி. நிர்வாகம் தெளிவாக இருக்கும் இடத்தில் பயிற்சியாளருக்குக் கிடைக்கிற பாதுகாப்பு, சம்பளச் சீட்டில் தெரியாது.

யாரை உடன் அழைத்துப்போவது என்ற கேள்விக்கு மிகப் பழைய பாடம் பிரையன் க்ளஃப். டெர்பி கவுன்ட்டியை 1972-ல் சாம்பியனாக்கியவர்; அந்த வெற்றியில் பாதி அவருடைய உதவியாளர் பீட்டர் டெய்லருக்குச் சேரும். வீரர்களை இனம் கண்டுபிடிக்கும் கண் டெய்லருடையது, அவர்களை ஆட்டிவைக்கும் வாய் க்ளஃபுடையது. 1974-ல் நடப்புச் சாம்பியன் லீட்ஸ் யுனைடெட் கூப்பிட்டபோது க்ளஃப் போனார். டெர்பிக்குப் பிறகு பிரைட்டனில் அவரோடு இருந்த டெய்லர் அங்கேயே தங்கிவிட்டார். லீட்ஸ் வீரர்களின் முரட்டு ஆட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பகிரங்கமாகத் திட்டியவர், சமாதானப்படுத்த ஒரு டெய்லர்கூட இல்லாமல், அதே வீரர்கள் முன் போய் நின்றார். 44 நாள். அதோடு முடிந்தது. பிறகு இரண்டாம் டிவிஷனில் கிடந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை எடுத்துக்கொண்டார். 1976-ல் டெய்லர் வந்து சேர்ந்தார். 1978-ல் லீக் பட்டம், 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை.

அழைப்பை மறுத்துக் காத்திருந்தவர்களும் உண்டு. ஷாபி அலோன்சோ 2022 அக்டோபரில் பேயர் லெவர்கூசனை ஏற்றபோது அணி பதினெட்டுக் கிளப்புகளில் பதினேழாவது. 1904-ல் தொடங்கிய கிளப், அதுவரை ஒருமுறைகூட ஜெர்மன் லீக்கை வென்றதில்லை. 2002-ல் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என்று மூன்றிலும் இரண்டாவதாக வந்து நெஞ்சொடிந்தது. 2024 தொடக்கத்தில் லிவர்பூலும் பேயர்ன் மியூனிக்கும் ஒரே நேரத்தில் பயிற்சியாளர் தேடின. இரண்டும் அலோன்சோ வீரராக ஆடிய கிளப்புகள். இப்படி ஒரு வாய்ப்பு யாருக்கும் இரண்டாம் முறை வராது என்றார்கள். மார்ச் இறுதியில் அவர் செய்தியாளர்களைக் கூப்பிட்டு, இங்கே என் வேலை முடியவில்லை, இங்கேதான் இருப்பேன் என்றார்.

இரண்டு வாரத்தில் வெர்டர் பிரேமனை 5-0 என்று வென்று லெவர்கூசன் சாம்பியன் ஆனது. 34 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 51 ஆட்டங்கள் தோல்வியின்றி ஓடிய அந்த அணியை, டப்ளினில் நடந்த யூரோப்பா லீக் இறுதியில் நிறுத்தியது அட்டலாண்டா. அதன் பயிற்சியாளர் ஜான் பியேரோ காஸ்பெரீனியும் இந்தக் கட்டுரைக்கு உரியவர்தான். 2011-ல் இன்டர் மிலான் என்ற பெரிய கிளப்புக்குப் போய், ஐந்து ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லாமல் துரத்தப்பட்டவர். பெர்கமோ என்ற சிறிய நகரத்தின் கிளப்பில் எட்டு ஆண்டுகள் பொறுமையாக உழைத்து அந்தக் கோப்பையைத் தொட்டார்.

அலோன்சோ இன்னொரு சீசனை முடித்துவிட்டு, 2025 கோடையில் முறையாக விடைபெற்று ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். லெவர்கூசன் ரசிகர்கள் கண்ணீரோடு வழியனுப்பினார்கள். யூதாஸ் என்று யாரும் கத்தவில்லை. மாட்ரிட்டில் அவர் நிலைக்கவில்லை, 2026 ஜனவரியில் பிரிந்துவிட்டார். சரியான நேரத்தில், சரியான முறையில் போனவருக்கும் நட்சத்திரங்கள் நிறைந்த அணி அப்படி ஒரு சோதனை.

ஃபெர்குசனுக்கு மட்டும் எப்படிக் கைகூடியது? ஸ்காட்லாந்தின் அபெர்டீனில் இருந்தபோது ரேஞ்சர்ஸ் உட்படப் பல அழைப்புகளை மறுத்தார். 1983-ல் ரியல் மாட்ரிட்டை வென்று ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையைக் கைப்பற்றினார். 1986 நவம்பரில் அவர் சேர்ந்தபோது மான்செஸ்டர் யுனைடெட் 22 அணிகளில் 21-ஆவது இடத்தில் கிடந்தது. பெரிய கிளப், ஆனால் கட்டி எழுப்ப ஆள் தேடிய கிளப். முதல் கோப்பைக்கு மூன்றரை ஆண்டு ஆனது, முதல் லீக் பட்டத்துக்கு 1993 வரை. 1990 ஜனவரியில் அவர் வேலை போகும் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தபோது, எஃப்.ஏ. கோப்பையில் மார்க் ராபின்ஸ் அடித்த ஒரு கோல் அவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. அன்று எதிரணி, க்ளஃபின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். இன்றைய முதலாளிகள் எவரும் அத்தனை காலம் பொறுத்திருக்க மாட்டார்கள்.

போகாமலே இருந்தவர்களும் தோற்றுப்போகவில்லை. பிரான்ஸில் கீ ரூ, ஓசேர் என்ற சிற்றூர் கிளப்பை உள்ளூர் லீக்கிலிருந்து எடுத்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதோடு வாழ்ந்து, 1996-ல் பிரெஞ்சு லீக், கோப்பை இரண்டையும் வென்றார்.

எனவே அழைப்பு வரும்போது பயிற்சியாளர் தயங்காமல் கேட்க வேண்டியவை உண்டு. வீரர்களை யார் தேர்வு செய்வார்? முந்தையவர் ஏன் போனார்? என் ஆட்களைக் கூட்டிவரலாமா? பத்து ஆட்டம் சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால், சம்பளம் மூன்று மடங்கானாலும் இருக்கும் இடத்திலேயே இருப்பது மேல். பதில் தெளிவாக வந்தால் தாராளமாகப் போகட்டும், சீசன் முடிந்தபின்.

அந்தக் கடைசிச் சொல்லைப் பயிற்சியாளரின் மனசாட்சிக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. வீரர்கள் கிளப் மாற ஆண்டில் குறிப்பிட்ட காலம் மட்டுமே உண்டு. பயிற்சியாளரை மட்டும் எந்த வாரத்திலும் தூக்கிக்கொண்டு போகலாம். ஒரே சீசனில் ஒரே லீக்கின் இரண்டு கிளப்புகளுக்குப் பயிற்சியாளராக இருக்க முடியாது என்ற விதி இத்தாலியில் நீண்ட காலம் இருந்தது. இங்கிலாந்திலும் அப்படி ஒன்று இருந்திருந்தால் காய்ல் அந்த மே மாதம் வரை பர்ன்லியில் இருந்திருப்பார், பாட்டர் பிரைட்டனில் இருந்திருப்பார். அந்த விதியைப் பிரீமியர் லீக் இனியாவது கொண்டுவர வேண்டும்.