இயந்திரத்துக்கு இரக்கம் வருமா?

கல்லுக்குள்ளும் ஈரம் உண்டு என்பார்கள் நம் பெரியவர்கள். இயந்திரத்துக்குள்ளும் ஈரம் உண்டா என்று கேட்க வேண்டிய காலம் இன்று வந்திருக்கிறது.

கேட்ட கேள்விக்கு நொடியில் விடை சொல்லும் செயற்கை அறிவு நம் சட்டைப் பையிலேயே குடியேறிவிட்டது. கடனுக்கு மனு எழுதித் தருகிறது. காய்ச்சலுக்குக் காரணம் சொல்கிறது. மனக்கவலைக்கு ஆறுதலும் சொல்கிறது. ஆறுதல் சொல்லத் தொடங்கிய பின் அது வெறும் கருவி அன்று. அதன் ஒவ்வொரு சொல்லிலும் ஏதோ ஒரு நெறி கலந்திருக்கிறது. அந்த நெறி யாருடையது? அதைக் கிறிஸ்தவ நெறியாக அமைக்க முடியுமா? உலகில் பலர் இம்முயற்சியில் இறங்கியிருக்கிறார்கள். அதனை விளக்குவதும், அதே முயற்சியில் சிறிது கை சுட்டுக்கொண்ட மாணவன் என்ற முறையில் என் அனுபவத்தைச் சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பிறந்தது சாத்தான்குளத்துப் பக்கம். பத்து வயதில் பெற்றோருடன் மும்பைக்கு வந்தேன். குடியிருப்பது ஐரோலியில். எங்கள் ஊருக்கு மேற்கே தானே கழி. 2015ஆம் ஆண்டு பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நீர்நிலை. கிழக்கே தானே–பேலாப்பூர் சாலை. அதையொட்டி ரபாலே வரை நடந்து பாருங்கள். ஜன்னலே இல்லாத பெருங் கட்டடங்கள் நிற்கும். உள்ளே குளிரூட்டும் பொறிகள் இரவும் பகலும் இரையும். அவைதாம் தரவு மையங்கள். செயற்கை அறிவு ஏதோ ஆகாயத்தில் மிதப்பதாக நினைப்பவர்கள் அவசியம் ஐரோலிக்கு வரவேண்டும். அது மண்ணில்தான் இருக்கிறது, மின்சாரம் குடிக்கிறது, வெப்பம் கக்குகிறது, அதன் வாசலில் காவல்காரர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இயந்திரம் எப்படிப் பேசக் கற்கிறது? "ஆற்றிலே போட்டாலும்" என்று நான் தொடங்கினால், "அளந்து போடு" என்று நீங்கள் முடித்துவிடுவீர்கள். பழகிய செவி அப்படி முடிக்கிறது. இயந்திரத்தையும் அவ்வாறே பழக்குகிறார்கள். எண்ணற்ற பக்கங்களை அதற்கு ஊட்டி, ஒவ்வோர் இடத்திலும் அடுத்து வரும் சொல் எது என்று ஊகிக்கச் செய்கிறார்கள். ஊகம் தவறினால் அதன் உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான எண்கள் சற்றே திருத்தப்படுகின்றன. இவ்வளவுதான் அடிப்படை.

இதற்குள் நெறி நுழைய நான்கு வாசல்கள் உண்டு. முதல் வாசல், ஊட்டப்படும் நூல்கள். இரண்டாவது, மனிதரின் தீர்ப்பு: ஒரே கேள்விக்கு இரண்டு விடைகளைக் காட்டி, எது மேல் என்று ஊழியர்களைக் கேட்டு, அவர்கள் விரும்பும் வழியில் இயந்திரத்தைத் திருப்புகிறார்கள். மூன்றாவது, எழுதி வைத்த கொள்கை: இயந்திரமே தன் விடையைக் கொள்கைகளோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் முறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் வெளியிட்டது. நான்காவது, கையில் கொடுக்கும் நூல்: விடை சொல்லுமுன் குறிப்பிட்ட நூல்களைத் தேடிப் பார்த்து, அவற்றிலிருந்தே சொல்லும்படி செய்வது. 2023இல் வந்த மாஜிஸ்டீரியம் ஏ.ஐ. என்ற கருவி கத்தோலிக்கத் திருச்சபையின் ஆவணங்களை இவ்வாறு தேடி, ஆதாரத்தையும் காட்டி விடை தருகிறது.

முதுகலைப் படிப்பின் ஆய்வுத் திட்டமாக நானும் ஒரு சிறு கருவி செய்யப் புகுந்தேன். தாராவியில் தமிழ்ச் சபை ஒன்றுக்கு நாங்கள் ஞாயிறுதோறும் தானேயில் வண்டி மாறி, சயானில் இறங்கிப் போவது வழக்கம். அங்கே கண் மங்கிய முதியவர்கள் பலர். அவர்கள் வாயால் கேட்டால் வேதாகமத்திலிருந்து விடை சொல்லும் கருவி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண்ணினேன். சோதித்துப் பார்க்க என் ஆச்சியை விடச் சிறந்தவர் யார்? எண்பது வயதிலும் நிருபங்களை மனப்பாடமாகச் சொல்பவர் அவர்.

முதல் நாள், நோயாளிக்காக ஜெபிப்பது பற்றி ஆச்சி கேட்டார். இயந்திரம் கணீரென்று ஒரு வசனம் சொல்லி, யாக்கோபு 5ஆம் அதிகாரம், 24ஆம் வசனம் என்று முடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆச்சி என்னைப் பார்த்தார்.

"எய்யா, யாக்கோபு அஞ்சாம் அதிகாரத்துல இருவது வசனந்தான இருக்கு. இருவத்திநாலு எங்கருந்துல வந்துது?"

எடுத்துப் பார்த்தேன். இருபதேதான்!

இயந்திரம் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. வசனம் போல் ஒலிக்கும் சொற்களை அடுக்க அதற்குத் தெரியும்; வசனம் உண்டா இல்லையா என்பது தெரியாது. ஆனால் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதானே! பொய்ச்சாட்சி கூடாது என்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்று. கிறிஸ்தவ நெறி பேசும் இயந்திரம் முதலில் அதைக் காக்க வேண்டாமா? அன்றே முதல் மூன்று வாசல்களை நம்புவதை விட்டு நான்காவது வாசலுக்குப் போனேன். நூலில் உள்ளதை உள்ளபடி எடுத்துக் காட்டு. இல்லையென்றால் இல்லையென்று சொல் என்று கட்டினேன்.

அடுத்த சிக்கல் சொல்லில் வந்தது. ஒரு ஜெபம் சொல்லச் சொன்னால், இயந்திரம் தேவன் என்று தொடங்கி, கடவுள் என்று நடந்து, சர்வேசுரன் என்று முடித்தது. "இது எந்தச் சபைல?" என்று சிரித்தார் ஆச்சி. சிரிப்புக்குப் பின்னே ஒரு வரலாறே இருக்கிறது. பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பில் இறைவன் பராபரன்; 1871இல் வந்த ஐக்கியத் திருப்புதலில் தேவன்; 1995இல் வந்த திருவிவிலியத்தில் கடவுள். பழைய கத்தோலிக்கருக்குச் சர்வேசுரன். ஒவ்வொரு சொல்லுக்காகவும் அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். இயந்திரமோ எல்லாவற்றையும் ஒரே குழம்பில் போட்டுக் கிண்டிவிட்டது! ஆகவே, கிறிஸ்தவ நெறி என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டால் போதாது. எந்தச் சபையின், எந்த மொழிபெயர்ப்பின், எந்தக் காலத்தின் நெறி என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால், எந்த நூல் அதிகமாகக் கிடைத்ததோ அதுவே நெறியாகிவிடும்.

மூன்றாவது சிக்கல் எழுத்தில். கணினியில் வழங்கும் பொதுக் குறியீட்டு முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. 'கர்த்தர்' என்னும் சொல்லில் புள்ளிகளையும் சேர்த்து எட்டுக் குறிகள். ஆக 24 பைட்டுகள். இயந்திரம் சொற்களைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கிறது. அத்துண்டுகளுக்கு டோக்கன் என்று பெயர். தமிழை அது பொடிப்பொடியாக நறுக்குவதால், ஒரே செய்திக்குத் தமிழருக்கு அதிக நேரமும் அதிகக் கட்டணமும் ஆகிறது. 2024இல் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் தன் புதிய மாதிரியை வெளியிட்டபோது, முன்பு 116 துண்டுகளான ஒரு தமிழ் வாசகம் இனி 35 துண்டுகளே என்று அறிவித்தது.

இது ஒன்றும் புதிய கதை அன்று. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு அச்சகம் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியனவாக இருந்தன. காகிதமோ அருமையான பொருள். தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. எழுத்தைச் சிறிதாக்கியது வெறும் தொழில் நுட்பம் என்று சொல்லலாம். ஏழை கைக்கும் நூல் எட்டவேண்டும் என்றால் அந்த நுட்பம் வேண்டியிருந்தது. அறம் பல வேளைகளில் இப்படித்தான், பட்டறையில் வார்ப்பு வேலையாக வந்து நிற்கிறது. 2023இல் மெட்டா நிறுவனம் 1,100க்கும் மேற்பட்ட மொழிகளின் பேச்சை இயந்திரத்துக்குக் கற்பிக்கப் புதிய ஏற்பாட்டு வாசிப்பின் ஒலிப்பதிவுகளைத்தான் பயன்படுத்தியது. அத்தனை மொழிகளில் கிடைக்கும் நூல் வேறு அரிது. ஆனால் வேதாகமத்தைக் கேட்டுக் காது பழகியதனால் இயந்திரம் பக்தனாகிவிடவில்லை. கிளியும் பேசும் அல்லவா?

உலக நடப்பையும் பார்ப்போம். 2020 பிப்ரவரி 28ஆம் நாள் ரோம் நகரில் ஓர் அறிக்கை கையொப்பமாயிற்று. வத்திக்கானின் கல்விக்கழகத்தோடு மைக்ரோசாப்ட், ஐ.பி.எம். நிறுவனங்களும் ஒப்பமிட்டன. வெளிப்படைத் தன்மை, எவரையும் விலக்காமை, பொறுப்பு, நடுநிலை, நம்பகம், பாதுகாப்பு ஆகிய ஆறும் அதன் கொள்கைகள். 2024 ஜூலையில் ஹிரோஷிமாவில் பல சமயங்களின் தலைவர்களும் அதில் கையெழுத்திட்டார்கள். 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட குறிப்பு, செயற்கை அறிவை மனித அறிவின் இன்னொரு வடிவமாகக் கருதலாகாது, மனித அறிவின் விளைபொருளாகவே கொள்ளவேண்டும் என்று வலியுறுத்தியது. அவ்வாண்டு மே மாதம் பொறுப்பேற்ற போப், பதினான்காம் லியோ என்ற பெயரைத் தேர்ந்ததற்கும் இதனை ஒரு காரணமாகச் சொன்னார். 1891இல் ஆலைத் தொழிலாளரின் உரிமைக்காகச் சுற்றுமடல் எழுதியவர் பதின்மூன்றாம் லியோ அல்லவா?

சறுக்கல்களும் உண்டு. 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்க அமைப்பு, குருவின் அங்கி அணிந்த உருவத்தோடு 'பாதர் ஜஸ்டின்' என்ற பேசும் இயந்திரத்தை வெளியிட்டது. அது தன்னை உண்மையான குரு என்று சொல்லிக்கொண்டு, பாவமன்னிப்பும் வழங்கத் தொடங்கியது! கண்டனம் எழவே, சில நாட்களிலேயே அங்கியைக் கழற்றி வெறும் 'ஜஸ்டின்' ஆக்கினார்கள். நம் நாட்டில் 2023இல் பகவத் கீதையின் பெயரால் பேசும் இயந்திரங்கள் பல வந்தன. அவற்றுள் சில, கடமை என்றால் கொலையும் தவறன்று என்று சொன்னதாகச் செய்திகள் வெளியாயின. குற்றம் நூலின்மீது அன்று. போர்க்களத்தில் சொன்னதைப் பிய்த்தெடுத்துப் படுக்கையறையில் ஓதினால் எந்த வேதமும் விபரீதமாகும்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஆச்சிக்கு ஊரில் ஒரு தம்பி. பனைவிளைப் பங்கில் ஏற்பட்ட தகராறில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று போன மழைக்காலத்தில் செய்தி வந்தது. அன்றிரவு ஆச்சி தாமாகவே என் கருவியின் முன் அமர்ந்து, "எம் பங்க எழுதி வாங்கிட்டுப் போனவன நான் மன்னிக்கணுமா?" என்று கேட்டார். பேதுரு எத்தனை முறை மன்னிப்பது என்று கேட்ட இடத்தை இயந்திரம் எடுத்துக் காட்டியது. பிழையில்லாமல், இனிய குரலில், சரியான வசன எண்ணோடு.

ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சொன்னது சரிதாம்ல. ஆனா இதுகிட்டருந்து எவனும் எதையும் பறிச்சதில்லையே."

என் ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் முன் நின்றுவிட்டது. நல்ல சமாரியன் கதையை நினைத்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போன ஆசாரியனுக்கு வேதம் தெரியாதா? நன்றாகத் தெரியும். சமாரியனோ தன் எண்ணெயைச் செலவிட்டான். தன் காசைச் சத்திரத்தில் கொடுத்தான். இரக்கம் என்பது கைப்பொருள் குறைய நடக்கும் காரியம். இயந்திரத்துக்கு இழக்க எதுவுமில்லை. ஆகவே அது இரங்கவும் முடியாது. வேதம் அறிந்த ஆசாரியனைத்தான் நம்மால் செய்ய முடியும். சமாரியனைச் செய்ய முடியாது.

அப்படியானால் முயற்சி வீணா? வீணன்று. இரங்க முடியாத கருவியையும் இரங்குபவனுக்கு வழிகாட்டியாக அமைக்கலாம். மறுவாரம் என் கருவியில் மூன்று மாற்றங்கள் செய்தேன். ஒன்று: தான் இயந்திரம் என்பதை அது முதலிலேயே சொல்லும், போதகர் போல் ஆசி கூறாது. இரண்டு: துக்கம், பகை, சாவு பற்றிய கேள்வி வந்தால் வசனத்தோடு நிறுத்தாது, "இதை யாரோடு பேசலாம்?" என்று கேட்டு, அவர் சொல்லும் மனிதருக்குத் தொலைபேசி இணைத்துத் தரும். மூன்று: மனந்திறந்து சொன்னது எதையும் சேமித்து வைக்காது, பாவசங்கீர்த்தனத்தைக் காக்கும் குருவுக்குரிய கடமையில் கருவிக்குப் பொருந்தும் பகுதி இது ஒன்றுதான்.

திருத்திய கருவியை முதலில் பயன்படுத்தியவரும் ஆச்சிதான். அது கேட்ட கேள்விக்குத் தம்பியின் பெயரைச் சொன்னார். மணி அடித்தது. மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அக்காள் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி: "என்னல சாப்பிட்ட?"

நான்கு நிமிடம் பேசினார்கள். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவே இல்லை. பனைவிளையும் பேச்சில் வரவில்லை. நான் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றேன். தொலைவில் தரவு மையத்தின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

விஞ்ஞானம் பயிலும் தோழர்களே! நாளை இத்தகைய கருவிகளை வார்க்கப் போகிறவர்கள் நம்முள்ளும் இருக்கிறார்கள். கிறிஸ்தவரோ, சைவரோ, இஸ்லாமியரோ, நாத்திகரோ, உங்கள் நெறி எதுவாயினும் அதை இயந்திரத்தின் வாயில் வைப்பதோடு நின்றுவிடாதீர்கள். அது இல்லாததை உண்டென்று சொல்லாதபடி பாருங்கள். ஏழையின் மொழிக்கு அதிக விலை வைக்காதபடி பாருங்கள். மனிதர் இருக்கவேண்டிய நாற்காலியில் அது ஏறி உட்காராதபடி பாருங்கள். இரங்குவது நம் வேலை. அதை எந்த இயந்திரத்திடமும் ஒப்படைக்க வேண்டாம்.