எத்தனுக்கு எத்தன் ஆகலாமா?

தோவாளைப் பூச்சந்தையில் ஒரு வியாபாரி எடை குறைத்துப் பூ விற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அவரிடம் கள்ளநோட்டைத் தள்ளிவிட்டால் கணக்குத் தீருமா? அந்த நோட்டு அவரிடம் நிற்காது. மாலைக்குள் பூ கொண்டுவந்த ஏதோ ஒரு விவசாயியின் மடிக்குப் போய்விடும்.

கணிப்பொறி விளையாட்டுகளிலும் இப்படித்தான். அங்கே வாள், தொப்பி, துப்பாக்கியின் வண்ண உறை ஆகியவற்றைப் பண்டமாற்றுச் செய்கிறார்கள். நல்ல பொருளைக் காட்டிவிட்டு, கடைசி நொடியில் அதே சாயலுள்ள மலிவான ஒன்றை வைத்துவிடுவோர் உண்டு. ‘அவரையே ஏமாற்றிப் பறித்தால் என்ன?’ என்று கேட்பீர்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் பறிக்கும் பொருள் யாருடையது? ‘ஸ்டீம்’ என்ற விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், மாதந்தோறும் சுமார் 77,000 பயனர் கணக்குகள் களவாடப்படுவதாக 2015 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே உங்களிடம் பேசுபவரின் பெயரே களவாடியதாக இருக்கலாம். அவர் கையிலுள்ள வாள் உங்களைப் போன்ற ஒரு மாணவருடையதாக இருக்கலாம். அதை நீங்கள் பறித்து இன்னொருவருக்கு மாற்றிவிட்டால், உரியவருக்கு அது திரும்பக் கிடைப்பது மேலும் கடினம்.

வீண் பேச்சில் இழுத்தடித்து அவர் நேரத்தைத் தின்பது வேறு. அதில் யார் பொருளும் போவதில்லை. பணமே போயிருந்தால், பெரியவர்களிடம் சொல்லி உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த வங்கிக் கணக்குக்குத் தாவுமுன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.