உடைந்த பல்லும் மருத்துவக் குறியீடும்: முதல் சீட்டில் காரணம் பதிவாவது ஏன் முக்கியம்?

கஞ்சிக்கோடு: பல் உடைவது பலருக்கும் சிறிய காயமாகவே தோன்றுகிறது. ஆனால், அது எதனால் உடைந்தது என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதப்படும் ஒற்றை வரியைப் பொறுத்து, காப்பீட்டுத் தொகையும் இஎஸ்ஐ உதவியும் மாறக்கூடும். தாக்குதல் வழக்கென்றால் தண்டனைப் பிரிவும் மாறக்கூடும். அந்த வரியே பின்னர் ஒரு குறியீடாக மாறிக் கோப்புகளில் பயணிக்கிறது.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையான வாளையாறுக்கு அருகே, தேசிய நெடுஞ்சாலை 544-ஐ ஒட்டி அமைந்துள்ளது கஞ்சிக்கோடு தொழிற்பகுதி. மலையாளம், தமிழ், இந்தி எனப் பல மொழி பேசுவோர் இங்குள்ள ஆலைகளில் பணிபுரிகின்றனர். இங்குக் காயமடையும் ஒருவர் பாலக்காட்டில் முதலுதவி பெற்று, மேல் சிகிச்சைக்குக் கோயம்புத்தூர் செல்லலாம். அவரது காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகம் மூன்றாவது நகரில் இருக்கலாம். இவர்கள் அனைவருக்கும் பொதுவான மொழியாக இருப்பது நோய்க் குறியீடு.

குறியீடு என்பது என்ன?

உலக சுகாதார அமைப்பு வெளியிடும் பன்னாட்டு நோய் வகைப்பாடு, சுருக்கமாக ஐசிடி எனப்படுகிறது. பிரெஞ்சு புள்ளியியலாளர் ஜாக் பெர்த்திலோன் 1893-இல் முன்வைத்த இறப்புக் காரணங்களின் பட்டியலே இதன் தொடக்கம். 1948 முதல் இதனை உலக சுகாதார அமைப்பு பராமரித்து வருகிறது. 10-ஆவது பதிப்புக்கு 1990-இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. 11-ஆவது பதிப்பு 2022 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோதிலும், இந்தியாவில் பல மருத்துவமனைகளிலும் காப்பீட்டுக் கோப்புகளிலும் 10-ஆவது பதிப்பின் குறியீடுகளே தொடர்ந்து புழங்குகின்றன.

ஒரே உடைவு, இரு அத்தியாயங்கள்

இந்த வகைப்பாட்டில் பல் நோய்கள், செரிமான மண்டல நோய்களுக்கான 'கே' என்ற எழுத்தின் கீழ் வருகின்றன. சொத்தைக்கு கே 02 என்பது குறியீடு. பற்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்தால் கே 03.0, அழுத்தித் துலக்குதல் போன்ற பழக்கங்களால் தேய்ந்தால் கே 03.1, அமிலத்தால் அரிக்கப்பட்டால் கே 03.2.

அடிபட்டு உடைந்த பல்லோ, காயங்களுக்கான 'எஸ்' என்ற எழுத்துக்குச் சென்றுவிடுகிறது. அதன் குறியீடு எஸ் 02.5. எஸ் 02 என்பது மண்டை ஓடு மற்றும் முக எலும்புகளின் முறிவுகளுக்கான தொகுதி. அதாவது, விபத்தில் உடைந்த பல்லை உலக வகைப்பாடு முக எலும்பு முறிவுக்கு இணையாக வைத்துள்ளது. பல் உடையாமல் இடம் பெயர்ந்தாலோ, முழுவதுமாகக் கழன்று விழுந்தாலோ எஸ் 03.2.

பல் மருத்துவத்துக்கென விரிவாக்கப்பட்ட பதிப்பில் மேலும் நுணுக்கமான பிரிவுகள் உண்டு. மேற்பூச்சான எனாமல் மட்டும் சிதறினால் எஸ் 02.50; பற்கூழ் பாதிக்கப்படாமல் மேற்பகுதி உடைந்தால் எஸ் 02.51, பற்கூழ் பாதிக்கப்பட்டால் எஸ் 02.52, வேர் முறிந்தால் எஸ் 02.53.

எப்படி, எங்கே, எந்தப் பல்?

காயத்தின் காரணத்துக்குத் தனிக் குறியீடு உண்டு. தடுக்கியோ வழுக்கியோ விழுந்தால் டபிள்யூ 01. மேலிருந்து விழும் பொருள் தாக்கினால் டபிள்யூ 20. ஒருவர் கையால் தாக்கினால் ஒய் 04. இவற்றுடன் இடத்தைக் குறிக்கும் எண்ணும் சேரும். வீடு என்றால் 0, தெரு அல்லது நெடுஞ்சாலை என்றால் 4, தொழிற்சாலை அல்லது கட்டுமானப் பகுதி என்றால் 6. எனவே, ஆலையில் பொருள் விழுந்து பல் உடைந்தவரின் பதிவில் எஸ் 02.5-உடன் டபிள்யூ 20.6 இடம்பெற வேண்டும்.

எந்தப் பல் என்பதை இக்குறியீடு கூறாது. அதற்கு இரு இலக்க எண் முறை பயன்படுகிறது. மேல்வரிசை வலது நடு முன்பல் 11. இடது நடு முன்பல் 21.

பணமும் சட்டமும்

மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றில் வழக்கமான பல் சிகிச்சைக்கு இடமில்லை. விபத்துக் காயத்துக்கான சிகிச்சைக்கு நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கப்படுகிறது. விபத்தில் உடைந்த பல் 'கே' குறியீட்டில் பதிவானால், உரிய கோரிக்கையும் நிராகரிக்கப்படும் நிலை ஏற்படலாம்.

இஎஸ்ஐ திட்டத்திலும் இந்த வேறுபாடு உண்டு. நோய்க்கால உதவி சராசரி தினக்கூலியில் 70 சதவீதம். அதைப் பெறக் குறைந்தபட்ச சந்தா நாட்கள் தேவை. பணியிட விபத்தால் வேலை செய்ய இயலாத காலத்துக்கான உதவியோ 90 சதவீதம். அதற்குச் சந்தா நாள் நிபந்தனை இல்லை. எனினும், விபத்து நாள் நீங்கலாகக் குறைந்தது 3 நாட்கள் பணி செய்ய இயலாத நிலை இருக்க வேண்டும்.

தாக்குதல் வழக்குகளில் விளைவு இன்னும் கடுமையானது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவு, எலும்பு அல்லது பல் முறிவையும் இடப்பெயர்வையும் 'கொடுங்காயம்' என வரையறுக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆவது பிரிவும் இதையே கூறியது. வேண்டுமென்றே சாதாரண காயம் விளைவித்தால் ஓராண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் 7 ஆண்டுகள் வரை சிறை. ஆகவே, பல் அடிபட்டு முறிந்ததா, அல்லது ஈறு நோயால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததா என்பதை மருத்துவர் பதிவு செய்வது இரு தரப்புக்கும் முக்கியமாகிறது.

காலம் கடந்தால்...

விபத்தில் பல்லை இழந்தவர் பல மாதங்கள் கழித்துச் செயற்கைப் பல் பொருத்தச் செல்லும்போது, பதிவு கே 08.1 ஆக மாறுகிறது. விபத்து, பல் பிடுங்குதல், ஈறு நோய் ஆகிய மூன்றாலும் ஏற்படும் பல் இழப்புக்கு இது ஒன்றே குறியீடு. அந்நிலையில், விபத்தைக் காட்டும் முதன்மையான மருத்துவச் சான்று முதல் நாள் சீட்டே.

செய்ய வேண்டியவை

* நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் இட்டு, இயன்றவரை ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரை அணுக வேண்டும்.
* எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்பதைத் தெளிவாகக் கூறி, அது புறநோயாளிச் சீட்டில் எழுதப்பட்டதா எனச் சரிபார்க்க வேண்டும். மொழி புரியாதவர்கள் உடன் வந்தவரின் உதவியை நாடலாம்.
* பல்லின் எண் குறிப்பிடப்பட வேண்டும். சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பாதுகாக்க வேண்டும்.
* பணியிட விபத்தெனில், அன்றே நிர்வாகத்துக்குத் தெரிவித்து விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்யச் சொல்ல வேண்டும்.

குறியீட்டைத் தேர்வு செய்வது மருத்துவமனையின் பணி. ஆனால், நோயாளி கூறாத காரணத்தை எந்தக் குறியீடும் கூறாது.