உஷார்! ஜாக்கியை நம்பி அப்பாவின் காருக்கு அடியில் போகாதீர்கள்

வீட்டுப் போர்ட்டிகோவில் அப்பாவின் பழைய காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் மல்லாந்து படுத்து, கையை மட்டும் வெளியே நீட்டி ‘அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடு’ என்று கேட்பவர் உங்கள் வீட்டில் யாராவது இருக்கிறாரா? இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே போய் அவரை வெளியே வரச் சொல்லுங்கள்.

காரோடு கொடுக்கிற ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே. சக்கரத்தைக் கழற்று, மாட்டு, இறக்கு. அதோடு அதன் வேலை முடிந்தது. அடியில் ஆள் படுத்திருக்கும்போது காரைத் தாங்க அதைச் செய்யவில்லை. மாருதி 800 சின்னக் கார்தானே என்பார்கள். அந்தச் சின்னக் காரே சுமார் 650 கிலோ. நம் போர்ட்டிகோ தரை எப்படி இருக்கும்? வழவழவென்று டைல்ஸ், மழைத்தண்ணீர் வடிய வாசல் பக்கம் லேசான சரிவு. அதன்மேல் ஒற்றைத் திருகில் நிற்கிறது ஜாக்கி. அடியில் இருப்பவர் துருப்பிடித்த நட்டைக் கழற்ற ஸ்பேனரை ஓங்கி இழுக்கிறார். இழுக்கிற இழுப்பில் நட்டு அசைகிறதோ இல்லையோ, கார் அசைகிறது. ஹைட்ராலிக் ஜாக்கி என்றால் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். உள்ளே சீல் தேய்ந்திருந்தால் சத்தமே இல்லாமல் இறங்கும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம். அவை பாரத்தில் திடீரென்று நொறுங்கும்.

கட்டாயம் அடியில் போக வேண்டிய வேலை என்றால் இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட் வாங்குங்கள். சமதளமான, கெட்டியான தரையில் காரை நிறுத்தி, தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஸ்டாண்டின்மேல் பாரத்தை இறக்குங்கள். வெளியே நின்று காரை நன்றாக ஆட்டிப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தையும் பாடிக்கு அடியில் தள்ளி வையுங்கள். ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று உயிரைக் காக்கும்.

இவ்வளவு பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் மாருதி 800-இன் சாவி 1983 டிசம்பரில் கொடுக்கப்பட்டது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அதாவது இன்று ஓடுகிற 800-இல் மிக இளையதே பத்து வயதைத் தாண்டிவிட்டது. 1998-இல் வந்த சான்ட்ரோவின் முதல் வண்டிகளுக்கு இருபத்தைந்துக்கு மேல். கம்பெனி சர்வீஸில் ‘இந்த மாடலுக்கு ஸ்பேர் வருவதில்லை சார்’ என்கிறார்கள். கார்புரேட்டரைக் காதால் கேட்டே ட்யூன் செய்த தெருமுனை மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே போகிறார்கள். அப்பாவோ காரை விற்க மாட்டார். அவர் சம்பாதித்து வாங்கிய முதல் கார் அது. அதனால் பிள்ளைகள் வீடியோ பார்த்துவிட்டு ஸ்பேனரோடு இறங்குகிறார்கள். அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். பயமெல்லாம் வேலை நடுவில் வருகிற எரிச்சலைப் பற்றித்தான்.

பின் சக்கரத்துப் பிரேக்கில் ஏர் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரம்முக்குப் பின்னால் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு நிப்பிள் இருக்கும். அரை மணி நேர வேலை என்று வீடியோவில் காட்டியிருப்பார்கள். அதில் இருப்பது சுத்தமான கார். உங்கள் காரோ சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றில் இருபது வருடம் நின்றது. நிப்பிள் துருவோடு துருவாக ஒட்டிக் கிடக்கும். டபுள் எண்ட் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் முனைகள் மழுங்கி ‘ரவுண்டு’ ஆகிவிடும். கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகினால் பாதியில் முறிந்து, அடிப்பாகம் வீல் சிலிண்டருக்குள்ளேயே நின்றுவிடும். மணி மாலை ஐந்து. ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர் கடை பூட்டியிருக்கிறது. திங்கட்கிழமை காலை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். கையெல்லாம் கிரீஸ், முழங்கையில் ரத்தம், அப்பா வேறு பின்னால் நின்று ‘நான் அப்பவே சொன்னேன்’ என்கிறார்.

ஆபத்து அந்த நிமிடத்தில்தான் உள்ளே நுழைகிறது. ‘எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிடலாம்’ என்ற வார்த்தை வருகிறது. கசிகிற பிரேக் பைப்பை மடக்கி நசுக்கிவிட்டு மிச்சச் சக்கரங்களை நம்பி ஓட்டுகிறார்கள். பிரேக் ஆயில் தீர்ந்துபோனால் கையில் இருக்கிற எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறார்கள். ஐயோ, அதை மட்டும் செய்யாதீர்கள்! எஞ்சின் ஆயில் போன்ற மினரல் ஆயில் பட்டால் பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிவிடும். மொத்தப் பிரேக்கும் போய்விடும்.

நட்டு திரும்பவில்லையென்றால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் ஆறு முகமும் பிடிக்கிற சாக்கெட்டை வைத்து, முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லையா? மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அம்மா ஆட்டோவில் போகட்டும்.

பிரேக் ஆயிலைப் பற்றி இன்னொன்று. கார் அதிகம் ஓடவில்லை, அதனால் ஆயில் நன்றாகத்தான் இருக்கும் என்று அப்பாக்கள் சொல்வார்கள். தவறு. பிரேக் ஆயில் ஷெட்டில் நிற்கும்போதும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 140-க்கு இறங்கிவிடலாம். ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, பாதி வழியில் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சாகத் தரையைத் தொடும்போதுதான் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்தது ஃப்யூஸ். நீல நிறம் 15 ஆம்பியர், மஞ்சள் 20, பச்சை 30. ஒரு நீல ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் எங்கோ ஒயர் உராய்ந்து பாடியில் படுகிறது என்று சந்தேகப்படுங்கள். அந்த இடத்தைத் தேடுவது பொறுமையைச் சோதிக்கிற வேலை. டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்க்க வேண்டும். வெறுத்துப்போய்ப் பச்சை ஃப்யூஸை மாட்டுகிறார்கள். சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றுகிறார்கள். செப்புக் கம்பி ஒன்றை முறுக்கி வைக்கிறார்கள். அதன் பிறகு ஃப்யூஸ் போகாது. போவது ஒயர். இருபது வருடத்து ஒயரின் தோல் காய்ந்து மொறமொறவென்று இருக்கும். ரிலே போடாமல் 60 வாட் ஹெட்லைட்டுக்குப் பதில் 100 வாட் பல்பு மாட்டுவதிலும் இதே ஆபத்து. எந்த ஒயரைத் தொடுவதற்கு முன்னாலும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

பெட்ரோல் வாடை அடித்தால் சாவியையே தொடாதீர்கள். 2023 பிப்ரவரியில் இந்தியாவில் இ20 பெட்ரோல் அறிமுகமானது, 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதற்கு வெகுகாலம் முன்னால் செய்த கார்களின் ரப்பர் ஹோஸ்கள் இவ்வளவு எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஏற்கெனவே வெயிலில் வெடித்த ஹோஸ், இப்போது சீக்கிரமே கசியத் தொடங்கும். சூடான எஞ்சின்மேல் ஒரு சொட்டு போதும். கசிகிற இடத்தில் தண்ணீர் ட்யூபையும் மீன்தொட்டி ட்யூபையும் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பெட்ரோலுக்கென்றே வருகிற ஹோஸையும் புதுக் கிளிப்பையும் வாங்குங்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய கார் சாமான் கடைகளில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். ஆனால் ஹோஸும் பிரேக் சாமானும் பழசு வாங்கவே கூடாது.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், குக்கரை ஆவி அடங்காமல் திறந்த கதிதான், முகம் வெந்துவிடும். கழற்றி ஊற்றிய கூலன்டைத் திறந்த டப்பாவில் விடாதீர்கள். அது இனிக்கும், விஷம். குழந்தையும் நாயும் நக்கிவிடும். ஷட்டரை மூடிவைத்த ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடை கிடையாது. ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை வீட்டில் பிரிக்கவே கூடாது. அமுக்கி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் தாடையைப் பெயர்த்துவிடும்.

ஏர் ஃபில்டர், வைப்பர், ஸ்பார்க் பிளக், அதே வாட் பல்பு, பேட்டரி முனையில் பூத்த உப்பைச் சுரண்டுவது, இவற்றையெல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பிரேக், ஸ்டியரிங், ஸ்பிரிங், பெட்ரோல் லைன் என்றால் கைதேர்ந்த மெக்கானிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வரவழைத்து, கூட நின்று கற்றுக்கொள்ளுங்கள். அவர் கேட்கிற கூலியைக் கொடுங்கள்.

அதையும் மீறி யாராவது வீட்டில் பிரேக்கைத் தொட்டிருந்தால், கார் வாசலைத் தாண்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு ஓங்கி அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். பெடல் கல்லாக நிற்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. சாவியை எடுத்து, வீட்டில் யார் கைக்கும் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, மெக்கானிக்குக்குப் போன் செய்யுங்கள். ‘மெதுவா ஓட்டிட்டுப் போயிடறேன்’ என்று அப்பாவே கேட்டாலும் சாவியைக் கொடுக்காதீர்கள்.