நல்ல காருக்கு எதற்கு 15 ஆயிரம்?
பழைய கார் வாங்கும்போது ‘வாரண்டி’ எடுக்கலாமா, வேண்டாமா?

கோவில்பட்டி சீமை கரிசல் பூமி. மழை பெய்தால் மண் காலைப் பிடித்துக்கொள்ளும். வெயில் அடித்தால் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும்.

இந்தப் பக்கத்துக்காரர்கள் எதையும் லேசில் வாங்கிவிட மாட்டார்கள்.

எட்டயபுரத்தில் சனிக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. போய்ப் பாருங்கள். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். முதுகெலும்பைத் தடவிப் பார்ப்பார்கள். தூக்கி எடை பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் மடியில் இருக்கும் பணம் வெளியே வரும்.

ஆடு வாங்கவே இத்தனை சோதனை. கார் வாங்குவதென்றால்?

ஒரு குடும்பம்

விளாத்திகுளம் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஏக்கர் மானாவாரி நிலம். புரட்டாசி மழையை நம்பி மக்காச்சோளமும் உளுந்தும் விதைப்பார்கள். அறுவடை முடிந்தால்தான் காசு. ஆண்டுக்கு ஒரு தடவை வருகிற காசு.

வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. மாதம் இரண்டு தடவை பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். பஸ்சில் உட்கார முடியவில்லை. வாடகைக் கார் வைத்துக் கட்டுப்படியாகவில்லை.

“பழைய கார் ஒன்று வாங்கிவிடுவோம்” என்று முடிவு செய்தார்கள்.

விலை 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். கையில் இருந்தது ஒன்றரை லட்சம். மீதி 2 லட்சத்துக்கு மனைவியின் நகை பாங்கிக்குப் போனது.

கார் விற்பவர் சிரித்த முகத்தோடு ஒரு நோட்டீசை நீட்டினார்.

“அண்ணாச்சி, மூணரை லட்சம் போடுறீங்க. இன்னும் ஒரு 15 ஆயிரம் போடுங்க. ஒரு வருசத்துக்கு வாரண்டி. என்ன ரிப்பேர் வந்தாலும் நாங்க பாத்துக்கிடுவோம். நிம்மதியா இருக்கலாம்.”

கணவர் தலையை ஆட்டினார். மனைவி கேட்டார்:

“நல்ல காருன்னு இப்பத்தானே சொன்னீங்க? நல்ல காருக்கு எதுக்கு 15 ஆயிரம்?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் விற்பவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. இரண்டையும் பார்க்க வேண்டும்.

தெரு மெக்கானிக்கின் காலம்

அம்பாசடர் கார் ஓடிய காலத்தில் இந்தப் பேச்சே கிடையாது. 2014-ம் ஆண்டு வரை அந்தக் கார் தயாராகி வந்தது. அது நின்றால் வேப்ப மரத்தடியில் நிறுத்துவார்கள். மெக்கானிக் ஸ்பானரோடு வருவார். மூடியைத் திறப்பார். சாயங்காலத்துக்குள் கார் புறப்பட்டுவிடும். 1983-ம் ஆண்டு டிசம்பரில் வந்த மாருதி 800 காரையும் நம் மெக்கானிக்குகள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள்.

இன்றைய கார் அப்படி அல்ல. அதற்குள் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், எப்போது நெருப்புப் பொறி விழ வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் புகைக் கட்டுப்பாடு கடுமையானது. ‘பி.எஸ். 6’ என்ற புது விதி வந்தது. அதன் பிறகு வந்த என்ஜின்களில் புகையை அளக்கும் கருவிகள் இன்னும் அதிகம். அவற்றில் ஒன்று கெட்டாலும் ஸ்பானரால் சரி செய்ய முடியாது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். பெட்டியையே மாற்று என்பார்கள்.

அந்தப் பயத்தில்தான் வாரண்டி விற்பனை ஆகிறது. பயம் பொய் அல்ல. டீசல் காரில் டர்போ போனாலோ, ஆட்டோமேட்டிக் காரில் கியர் பாக்ஸ் போனாலோ, ஒரு போகத்து வருமானத்தை அது விழுங்கிவிடக்கூடும்.

இன்சூரன்ஸ் வேறு, வாரண்டி வேறு

இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் பலர்.

கார் பனை மரத்தில் மோதினால் அது இன்சூரன்ஸ் பாடு. மோதாமல், இடிக்காமல், தானாகவே நின்றுவிட்டால் வாரண்டி பாடு. மூன்றாவது நபருக்கான இன்சூரன்ஸ் இல்லாமல் காரை ரோட்டில் எடுக்கவே கூடாது. அது சட்டம். வாரண்டி எடுப்பது நம் இஷ்டம்.

“என்ன ரிப்பேர் வந்தாலும்” என்றாரே விற்பவர், அந்த வார்த்தையைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம்.

வாரண்டிக் காகிதங்களில் ‘தேய்மானம்’ என்று ஒரு சொல் வரும். சின்னச் சொல்தான். டயர், பாட்டரி, பிரேக், கிளட்ச் பிளேட், பல்பு, வைப்பர் ரப்பர், ஆயில், பில்டர் எல்லாம் தேய்மானக் கணக்கில் போய்விடும். அவற்றுக்குப் பெரும்பாலும் காசு கிடைக்காது.

கரிசல் காட்டில் முதலில் போவது எது? கிளட்ச் பிளேட்தான். மழை நாளில் வண்டிப் பாதையில் கார் சிக்கும். சக்கரத்தில் மண் அப்பை அப்பையாக ஒட்டும். டிரைவர் கிளட்சை அரை மிதியில் வைத்து உறுமவிடுவார். கருகல் நாற்றம் வரும். அதோடு பிளேட் காலி. கோடையில் காற்றோடு புழுதி பறக்கும். ஏர் பில்டர் அடைத்துக்கொள்ளும். வைக்கோல் போர் பக்கத்தில் காரை நிறுத்தினால் எலி வயரைக் கடிக்கும். இவற்றில் எதைக் கொண்டு போய்க் கேட்டாலும், “இது வாரண்டியில் வராது” என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

இன்னொரு நிபந்தனையும் இருக்கும். குறித்த காலத்தில், குறித்த ஒர்க்‌ஷாப்பில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும். ஊர் மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றிவிட்டுப் பிறகு என்ஜினுக்குப் பணம் கேட்டால் கை விரித்துவிடுவார்கள். அந்த ஒர்க்‌ஷாப் எந்த ஊரில் இருக்கிறது? போக வர எத்தனை கிலோ மீட்டர்? 15 ஆயிரத்தோடு இந்தச் செலவையும் கூட்ட வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற கார்

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டி மீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணியில் வெள்ளம் புரண்டது. அதே மாதத் தொடக்கத்தில் ‘மிக்ஜாம்’ புயல் மழையில் சென்னை மூழ்கியது.

இப்படிப்பட்ட வெள்ளங்களில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு எந்த ஊர் சந்தைக்கும் வரலாம். பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை இருக்கிறதா? தரை விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட்டின் அடிக் கம்பியில் துரு இருக்கிறதா? ஸ்டெப்னி டயர் வைக்கும் குழியில் வண்டல் இருக்கிறதா?

தண்ணீர் புகுந்த காரின் வயர்கள் உள்ளுக்குள் மெல்ல மெல்ல அரிக்கும். ஆறு மாதம் கழித்துக் கோளாறு தலைகாட்டும். அப்போது வாரண்டிக்காரர், “வாங்கும்போதே இருந்த கோளாறு” என்பார். வெள்ளச் சேதமும் வாரண்டியில் சேராது.

ஆக, வாரண்டி வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. விற்பவருக்கு வேண்டாத மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய்க் காரைத் தூக்கி நிறுத்திப் பார்ப்பதுதான் அது. அந்தக் கூலி வீண் போகாது.

நூறு கார் கணக்கு

கம்பெனி எப்படிக் கணக்குப் போடுகிறது?

நூறு பேர் ஆளுக்கு 15 ஆயிரம் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15 லட்சம். இதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது. ஒருவர் கட்டும் 15 ஆயிரத்தில் 2,288 ரூபாய் வரிக்கே போய்விடும். விற்றவருக்குக் கமிஷன். ஆபீஸ் செலவு. கம்பெனிக்கு லாபம். மீதி இருப்பதில்தான் ரிப்பேர் செலவு. ஆகவே நூறு பேருக்கும் சேர்த்துத் திரும்பி வருவது கட்டியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் கம்பெனி கடையைக் கட்டிவிடும்!

அப்படியானால் வாரண்டி வாங்குகிறவர் ஏமாளியா? அப்படியும் சொல்லிவிட முடியாது. நூறு பேரில் ஒருவருக்கு 80 ஆயிரம் ரூபாய் ரிப்பேர் வரலாம். அந்த ஒருவர் நாமாக இருந்தால்? நகை ஏற்கெனவே பாங்கியில். அடுத்த அறுவடைக்கு எட்டு மாதம் இருக்கிறது. வட்டிக்கு வாங்கத்தான் வேண்டும். கையில் 50 ஆயிரம் இருப்பு உள்ளவர் வாரண்டியை ஒதுக்கலாம். ஒன்றுமே இல்லாதவருக்கு யோசனை தேவை.

வேடிக்கை என்னவென்றால், அந்த 15 ஆயிரத்தைக் கட்டினால் சிலருக்குக் கையில் இருப்பே இல்லாமல் போய்விடும். கிளட்ச் பிளேட்டுக்குக்கூடக் காசு இருக்காது!

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. சில வாரண்டிகளில் ஆண்டுக்கு இவ்வளவுதான் தருவோம் என்று உச்ச வரம்பு இருக்கும். வரம்பு 40 ஆயிரம் என்றால் 80 ஆயிரம் ரிப்பேரில் பாதி நம் தலையில். எந்தப் பயத்துக்காக வாங்கினோமோ, அந்தப் பயத்தில் பாதி அப்படியே நிற்கும்.

யார் கொடுத்த வாக்கு?

வாரண்டி எல்லாம் ஒரே சாதி அல்ல.

கார் தயாரித்த கம்பெனியே கொடுப்பது ஒன்று. மாருதி கம்பெனி 2024-ம் ஆண்டு ஜூலையில் தன் புதுக் கார்களுக்கு 3 ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோ மீட்டர் என்று வாரண்டியை உயர்த்தியது. தனியாகப் பணம் கட்டினால் 6 ஆண்டு வரை நீட்டிக்கலாம். இப்படி நீட்டித்த காரை இரண்டாவது ஆளாக வாங்கினால் மீதிக் காலம் நமக்குக் கிடைக்குமா என்று கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் கார் நம்பரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கிடைத்தால் அதுதான் தரமான சரக்கு. அப்படிப்பட்ட காருக்குப் பத்தாயிரம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

பழைய கார் விற்கும் பெரிய நிறுவனங்கள், தாங்கள் சோதித்த கார்களுக்கு விலையோடு சேர்த்தே வாரண்டி கொடுப்பதும் உண்டு. அங்கே மேலும் பணம் கட்டச் சொன்னால், எதற்கு என்று கேட்கலாம்.

மூன்றாவது வகைதான் சிக்கல். விற்பவர் வேறு, வாரண்டி கொடுப்பவர் வேறு. காகிதத்தில் எங்கோ ஒரு நகரத்து விலாசம் இருக்கும்.

கோவாவில் ஒருவர் 2011-ம் ஆண்டு புதுக் கார் என்று நினைத்து ஒன்றை வாங்கினார். அது 2009-ல் தயாரான, ஏற்கெனவே 622 கிலோ மீட்டர் ஓடிய கார் என்பது பிறகு தெரிந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. டீலர் செய்த காரியத்துக்குக் கார் தயாரித்த கம்பெனி பொறுப்பல்ல என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கம்பெனி போர்டு தொங்குகிறது என்பதற்காகக் கம்பெனியே வாக்குக் கொடுத்ததாக ஆகிவிடாது. காகிதத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்பதுதான் பேச்சு.

2023-ம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் இன்னொரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அதைக் காட்டச் சொல்ல வாங்குபவருக்குக் கூச்சம் வேண்டாம்.

வாக்குத் தவறினால் 1915 என்ற நம்பருக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. சென்னைக் கம்பெனி மீதும் இங்கிருந்தே வழக்குப் போட 2019-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால் வாயால் சொன்னது அங்கே நிற்காது. எழுத்தில் இருக்க வேண்டும்.

காகிதம் எங்கே?

மறுபடியும் விளாத்திகுளம் குடும்பத்துக்கு வருவோம்.

மனைவி நோட்டீசைப் புரட்டினார். நாலு வரிதான் இருந்தது.

“முழுக் காகிதத்தையும் கொடுங்க. வீட்டுல பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருக்கு. வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிடுதோம்.”

“பணம் கட்டுன பிறகுதான் தாயீ அது கம்பெனியில இருந்து வரும்.”

“அப்போ காகிதம் வரட்டும் அண்ணாச்சி. வந்த பிறகு பணம் கட்டுதோம்.”

விற்பவர் கணவரைப் பார்த்தார். கணவர் காரின் அடியில் குனிந்து சைலன்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஊர் மெக்கானிக் வந்தார். ஒரு மணி நேரம் ஓட்டினார். டயர் இரண்டு மாற்ற வேண்டும் என்றார். அதைச் சொல்லி விலையில் 8 ஆயிரம் குறைத்தார்கள். ஆர்.சி. புத்தகத்தில் கடன் பாக்கி இல்லை என்று பார்த்துக்கொண்டார்கள். பெயர் மாற்றவும், 14 நாளைக்குள் இன்சூரன்சைத் தங்கள் பெயருக்குக் கொண்டுவரவும் எழுதிக் கொடுத்தார்கள்.

15 ஆயிரம் ரூபாய் தபால் ஆபீசில் மனைவியின் சேமிப்புக் கணக்கில் ஏறியது. குறைத்த 8 ஆயிரத்தில் இரண்டு டயர் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கு மாமியாரை முன் சீட்டில் உட்கார வைத்துக் கார் பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டது.