ஒரே அணி... அடுத்தடுத்த தேர்வு... 17 வயதுப் பையனின் எதிர்காலத்தைக் கணிப்பது எப்படி?

2009 ஜூன் 9. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அணிகள், பள்ளி, கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' நாள். நியூ ஜெர்ஸியில் உள்ள ஸ்டூடியோவுக்கு கோட் சூட் போட்டுக்கொண்டு நேரில் வந்திருந்தது ஒரே ஒரு வீரர்தான். மில்வில் என்ற சிறிய ஊரைச் சேர்ந்த 17 வயது மைக் ட்ரவுட்.

ஒவ்வொரு பெயராக அறிவிக்கப்பட்டது. முதல் 20 தேர்வுகள் முடிந்தும் அவர் பெயர் வரவில்லை. 24-வது வாய்ப்பு லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு. அவர்கள் எடுத்தது டெக்சாஸைச் சேர்ந்த இன்னொரு பள்ளி மாணவரான ராண்டல் கிரிச்சக்கை. அவரும் அவுட்ஃபீல்டர்தான். அடுத்த 25-வது வாய்ப்பும் அதே அணிக்கு. அப்போதுதான் ட்ரவுட்டின் பெயர் ஒலித்தது.

பின்னாளில் மூன்று முறை லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கி, 2019-ல் 12 ஆண்டுகளுக்கு 426.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டவர், அன்று 24 பேருக்குப் பின்னால் நின்றார். அத்தனை அணிகள் அவரை எப்படிக் கோட்டைவிட்டன?

20 முதல் 80 வரை ஒரு மார்க் ஷீட்

கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டுப் பக்கம் நிற்கும் ஃபீல்டர்களைப்போல, பேஸ்பாலில் மைதானத்தின் வெளிவட்டத்தைக் காப்பவர்கள் மூன்று அவுட்ஃபீல்டர்கள். இளம் வீரர்களைத் தேடி ஊர் ஊராக அலையும் 'ஸ்கவுட்'கள் இவர்களிடம் ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள். பந்தைத் தொடர்ந்து அடிக்கும் திறன், தூரமாக அடிக்கும் பலம், ஓட்டம், கேட்ச் பிடிக்கும் திறமை, எறியும் கையின் வலு. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண். 50 என்றால் மேஜர் லீக்கின் சராசரி.

நடுவில் நிற்கும் 'சென்டர் ஃபீல்டர்' அதிகப் பரப்பைக் காக்க வேண்டும் என்பதால் அவருக்கு வேகம் முக்கியம். ஓரங்களில் நிற்பவர் என்றால் பேட்டிங்கில் பலம் அதிகம் எதிர்பார்க்கப்படும். அதனால், 'இந்தப் பையன் உடம்பு போட்ட பிறகும் நடுவில் நிற்பானா, ஓரத்துக்குப் போய்விடுவானா?' என்பதே பெரிய கேள்வி.

ஓட்டத்தை ஸ்டாப் வாட்ச்சில் அளந்துவிடலாம். ஆனால், பள்ளிப் பந்துவீச்சை வெளுத்துக் கட்டும் பையன், மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்தை எப்படி எதிர்கொள்வான் என்பதை எந்தக் கருவியால் அளப்பது?

குளிர் மறைத்த திறமை

ட்ரவுட்டின் ஊர்தான் அவருக்கு எதிராக இருந்தது. கலிஃபோர்னியா, டெக்சாஸ், ஃபுளோரிடா பையன்கள் வெயிலில் ஆண்டு முழுக்க ஆடுவார்கள். நியூ ஜெர்ஸியிலோ குளிரும் மழையும் போக மிஞ்சும் நாள்களில்தான் ஆட்டம். எதிர்த்து ஆடுபவர்களும் அவ்வளவு வலுவானவர்கள் இல்லை என்ற சந்தேகம் வேறு.

ஏஞ்சல்ஸ் அணியின் ஸ்கவுட் கிரெக் மோர்ஹார்ட் அந்தச் சந்தேகத்தைத் தாண்டிப் பார்த்தார். அவருக்கு ட்ரவுட் குடும்பத்தை முன்பே தெரியும். ட்ரவுட்டின் அப்பா ஜெஃப்பும் அவரும் மினசோட்டா ட்வின்ஸ் அணியின் மைனர் லீக்கில் ஒன்றாக ஆடியவர்கள். இருவருமே மேஜர் லீக் வாசலை மிதிக்காதவர்கள்!

எண்கள் சொல்வது என்ன?

டிராஃப்டில் தேர்வானவுடன் பெரிய மேடை கிடைத்துவிடாது. மைனர் லீக் என்ற ஏணியில் படிப்படியாக ஏற வேண்டும். ரூக்கி, சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படிகள். இங்கே ஒருவரின் எண்களை அப்படியே நம்பக் கூடாது. அதே சராசரியை 24 வயதுக்காரர் எடுப்பதும் 18 வயதுக்காரர் எடுப்பதும் ஒன்றல்ல. தன்னைவிட மூத்தவர்களுக்கு எதிராக ஒருவர் தாக்குப்பிடிக்கிறாரா என்பதுதான் கணக்கு.

2010-ல் ட்ரவுட் தன் 19-வது பிறந்தநாளை மைனர் லீக்கில்தான் கொண்டாடினார். அந்த ஆண்டு அவருடைய பேட்டிங் சராசரி .341. அதாவது, ஆயிரம் வாய்ப்புகளுக்கு 341 ஹிட் என்ற கணக்கு. பேஸ்பாலில் .300 எடுத்தாலே நல்ல பேட்ஸ்மேன். கூடவே 56 முறை பேஸைத் திருடி ஓடியிருந்தார்.

ஆனால், 2011 ஜூலையில் மேஜர் லீக்குக்கு வந்ததும் தடுமாறினார். 40 ஆட்டங்களில் சராசரி வெறும் .220. அத்தோடு அவரை எடைபோட்டிருந்தால்? அடுத்த ஆண்டே .326 சராசரி, 30 ஹோம் ரன், 49 ஸ்டீல். சிறந்த அறிமுக வீரர் விருதும் வந்து சேர்ந்தது.

இன்னொரு அவுட்ஃபீல்டரான ஆரன் ஜட்ஜின் கதையும் இப்படித்தான். 2016-ல் நியூயார்க் யாங்கீஸுக்காக அறிமுகமானபோது 84 வாய்ப்புகளில் 42 முறை ஸ்ட்ரைக் அவுட். அடுத்த ஆண்டு 52 ஹோம் ரன் அடித்தார்!

அப்போ கிரிச்சக்?

மைனர் லீக்கில் கிரிச்சக்கைக் காயங்கள் துரத்தின. 2013 இறுதியில் ஏஞ்சல்ஸ் அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. 2014-ல் மேஜர் லீக்கில் அறிமுகமானார். 2019-ல் டொரன்டோவுக்காக 31 ஹோம் ரன் அடித்தார். ட்ரவுட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் அவர் சிறியவராகத் தெரிகிறார். உண்மையில், டிராஃப்டில் எடுக்கப்படும் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காத வாழ்க்கை அவருடையது.

அந்தப் பெரும்பாலானவர்கள் மைனர் லீக்கிலேயே பேருந்துப் பயணங்களோடு முடிந்துபோகிறார்கள். 2023-ல் முதல் கூட்டு ஒப்பந்தம் வரும்வரை, டிரிபிள் ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 17,500 டாலர்தான். அதன் பிறகே 35,800 டாலர் ஆனது. ஒரு ஸ்கவுட் எழுதும் மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுகள் இருக்கின்றன.

கணித்தவர்களுக்கும் அதே நிச்சயமின்மைதான். ட்ரவுட், கிரிச்சக் இருவரையும் தேர்ந்தெடுத்த குழுவின் தலைவர் எடி பேன். 2010 சீசன் முடிந்ததும் அணி அவரை வேலையிலிருந்து நீக்கியது. அப்போது ட்ரவுட் மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை.

விதைத்தவருக்குப் பொறுமை இருந்தது. ஆனால், விளையும்வரை அவரை வயலில் விட்டுவைக்கவில்லை!